பாபாவின் இடது காது

அந்தமானில் பாராடாங் தீவுக்குப் போகும் படகுத்துறையில் ஒரே தள்ளுமுள்ளு. எல்லாரும் சேற்றுமலைக்குப் போகிறவர்கள். பூமிக்குள்ளிருந்து வாயு கிளம்பிச் சேறு கொப்பளிக்கும் சின்ன மலை அது. இத்தனை வருஷமும் சும்மாதான் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மூச்சு பாபா வந்து சேற்றில் காதை வைத்த பிறகுதான் மலை பேசுகிற விஷயமே ஜனங்களுக்குத் தெரிந்தது. பாவம், அதுவரை மலைக்குப் பேச்சுத் துணை இல்லை போலும்!

பெரார்கஞ்ச் தோட்டத்து வேலாயியும் வந்திருந்தாள். மகன் முத்துராஜுக்கு வலிப்பு. மாத்திரையை மலைச் சேற்றில் போட்டுவிட்டால் நோய் தீரும் என்பது போன தடவை வந்தபோது பாபா போட்ட உத்தரவு. மாத்திரை அட்டை மடியில் இருந்தது.

"அன்னிக்கு நான் வாயத் தொறக்கல விஜயா. பையன் பேரு, வியாதி எல்லாத்தையும் புட்டுப்புட்டு வெச்சாரு" என்றாள் தங்கையிடம்.

"அதுக்கு முன்னாடி யார்கிட்ட பேசுன?"

"யார்கிட்டயும் இல்ல. படகு வர வரைக்கும் தேங்காக்கடை தங்கையா அண்ணன்கிட்ட கொஞ்சம் அழுதேன், அவ்வளவுதான்."

விஜயகுமாரி சிரிக்கவில்லை. புருஷன் தேவேந்திரனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நேரே தங்கையா கடைக்குப் போனாள். "என் வீட்டுக்காரரு லாங் ஐலண்ட் கடல்ல விழுந்து செத்துட்டாரு, அண்ணே" என்று மூக்கைச் சிந்தினாள். தங்கையா உச்சுக்கொட்டினார்.

மலையில் பாபா இடது காதைச் சேற்றருகே சாய்த்தார். பிறகு விஜயகுமாரியைப் பார்த்து உருகினார்.

"பேட்டீ, மகளே, உன் புருஷன் லாங் ஐலண்ட் கடல்ல போயிட்டான். அவன் ஆத்மா இந்தச் சேத்துல அழுவுது."

பக்கத்தில் நின்ற தேவேந்திரன் கையைத் தூக்கினான். "அரே பாபா, அந்தப் புருஷன் நான்தான். எனக்கு அழுகையே வரலியே!"

பாபா பதறி எழுந்தார். சடை விலகியது. காதிலிருந்து கடலை அளவு கருவி ஒன்று கீழே விழுந்தது. தேவேந்திரன் அதை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி ஒப்பித்தான்.

"அடுத்தது பச்சை சேலை, பேரு புஷ்பா. கிட்னில கல்லு. அடேடே, நம்ம தேங்காக்கடைக்காரர் குரலு!"

வேலாயி மடியைத் தடவினாள். மாத்திரை அட்டை இருந்தது. "என் புள்ளய கொல்லப் பாத்தியேடா, பாவி!" என்று அலறினாள். கூட்டம் பாபாவைச் சூழ்ந்துகொண்டது.

பச்சை சேலைக்காரி புஷ்பா மட்டும் தேவேந்திரனின் கையைப் பிடித்தாள். "அந்தக் கல்லுக்கு என்ன பண்ணணும்னு அதுல சொல்லுதா, அண்ணே?"

மாத்திரை எழுதும் டாக்டரைக் கேள்வியால் குடைந்தெடுக்கிற மகாஜனங்களே! சேற்றில் காதை வைத்தவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், உங்கள் வாயிலா சேறு அப்பியிருக்கும்?