கட்டிப்பிடிக்க முடியாத பிள்ளை

ஒரு காட்டில் தர்மம் பெருத்துப்போயிருந்தது. கொடுக்கிறவர்கள் கூடிப்போய், வாங்குகிறவர்களுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. யாருக்காவது பிறந்தநாள் என்றால் போதும், கேசரி வாளியோடும் படம் பிடிக்கிற குரங்கோடும் ‘தளிர்கள் இல்லம்’ வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். அங்கிருந்த அப்பா அம்மா இல்லாத குட்டிகள், வந்தவர்கள் எல்லோருக்கும் வாழ்த்துப் பாடி, எல்லோருடைய கேசரியையும் தின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தன.

அந்த இல்லத்தில் பூவாயி என்றொரு முள்ளம்பன்றிக் குட்டி இருந்தது. அதன் தாய் வேட்டைக்காரன் கண்ணியில் சிக்கிச் செத்துப்போய்விட்டது. பூவாயிக்குக் கேசரி வேண்டாம், பள்ளிக்கூடம் போக வேண்டும். ஜன்னலுக்கு வெளியே நின்றே உயிரெழுத்து முழுவதையும் பிடித்துவைத்திருந்தது. மெய்யெழுத்து ஆரம்பிக்கிற அன்றைக்கு மழை வந்து, கொக்கு வாத்தியார் ஜன்னலைச் சாத்திவிட்டார். அதற்குப் பிறகு என்ன வரும் என்று தெரியாமல் பூவாயிக்குச் சோறே இறங்கவில்லை.

பள்ளியில் சேர ஒரு புரவலர் வேண்டும். புரவலருக்கு ஒரு படம் வேண்டும். பிள்ளையை மார்போடு அணைத்து, கண் லேசாகக் கலங்கி நிற்கிற படம். அணைக்காமல் கொடுத்த தர்மத்தை அந்தக் காட்டில் யாரும் தர்மம் என்றே ஒத்துக்கொள்வதில்லை.

கரடி தேனப்பன் வந்தார். பெரிய மனசுக்காரர், அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். “வாடா கண்ணு” என்று பூவாயியை வாரி அணைத்தார். அவர் போட்ட அலறல் அடுத்த காட்டுக்குக் கேட்டது. கண் கலங்கியது என்னவோ உண்மைதான். ஆனால் மூக்கில் முள் தொங்க எடுத்த படத்தை ஃப்ளெக்ஸில் போட முடியுமா?

“உதவி செய்ய வந்தவனையே குத்துதே! நன்றிகெட்ட ஜென்மம்!” என்று கத்திவிட்டுப் போனார்.

இல்லத்தின் செயலாளர் நரி குணசீலன் பூவாயியைத் தனியே கூப்பிட்டார்.

“ஏம்மா, முள்ளைக் கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதா?”

“அடக்கிட்டுத்தான் சார் நின்னேன். அவர்தான் ரொம்ப அழுத்திட்டார்.”

“அந்த முயல்குட்டியப் பாரு, எவ்வளவு பதவிசா நிக்குது. அதுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. ஆனா புரவலருங்க வரிசையில நிக்கிறாங்க. இப்பச் சொல்லு, உனக்குப் படிப்பு வேணுமா, முள்ளு வேணுமா?”

அப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே கூடாது என்று பூவாயிக்கு எப்படித் தெரியும்? படிக்காத பிள்ளை. “படிப்பு, சார்” என்றது.

குரங்கு முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. பூவாயி அ, ஆ, இ, ஈ என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டது. பார்த்தால் வயிறு எரியும். நரி மட்டும் சுற்றிவந்து பார்த்து, “இப்பத்தான் நிஜமான ஏழைப் பிள்ளையாட்டம் இருக்கே” என்று மகிழ்ந்துபோனார்.

தேனப்பன் மறுபடி வந்தார், அணைத்தார், அளவாகக் கலங்கினார். படம் காடு முழுக்கப் பரவியது. நன்கொடை குவிந்தது. பூவாயிக்குச் சீருடை வந்தது, பை வந்தது. ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து மெய்யெழுத்து பதினெட்டையும் ஒரே நாளில் படித்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம் அதற்கு வாழ்நாளில் இருந்ததில்லை. வழியெல்லாம் க், ங், ச் என்று சொல்லிக்கொண்டே திரும்பியபோது, சிறுத்தையார் குறுக்கே வந்து நின்றார்.

பூவாயி தன் இனத்துப் பழக்கப்படி முதுகைத் திருப்பிச் சிலுப்பியது. சிலுப்ப ஒன்றும் இல்லை.

“பயப்படாதே பாப்பா. உன் படிப்புக்கு நானும் குடுத்திருக்கேன். எல்லாரையும்விட அதிகமாவே குடுத்திருக்கேன்” என்றார் சிறுத்தையார் வாஞ்சையோடு. “உங்க சாதிசனத்துல இன்னும் யாருக்காவது படிக்க ஆசை இருக்கா?”

பூவாயிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. “எங்க சித்தி புள்ளைங்க இருக்காங்கய்யா. பாவம், ரொம்ப ஆசை அவங்களுக்கு.”

“நல்லது” என்று சிறுத்தையார் அணைத்துக்கொண்டார். பூவாயியை அணைத்தவர்களில் படம் எடுத்துக்கொள்ளாதவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த வாரம் இரங்கல் கூட்டம் நடந்தது. தேனப்பன் தேம்பித் தேம்பி அழுதார், எல்லாக் கோணத்திலும். ‘பூவாயி நினைவுக் கல்வி உதவித் திட்டம்’ தொடங்கிவைக்கப்பட்டது. அதற்குத் தலைவரான சிறுத்தையாருக்கு நரி பொன்னாடை போர்த்தினார். மேடை ஓரத்தில் சித்தி பிள்ளைகள் இரண்டும் மொழுமொழுவென்று நின்று, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டன.

நீதி: ஒரு பிள்ளைக்கு உதவும் முன் அதை இறுகக் கட்டிப்பிடித்துப் பாருங்கள். குத்தினால், அதற்கு இன்னும் கஷ்டம் போதவில்லை.