பதினோரு விதிகளும் ஒரு பொட்டும்

பதினைந்து வருடங்களாக ஒரு கோபத்தைக் கெட்டுப்போகாமல் வைத்திருக்கிறேன். கிழமை, நேரம், பஸ் கிளம்பிய நிமிடம் எல்லாம் டைரியில் இருக்கிறது. ‘பழசை மறந்துடுங்க’ என்று எனக்குச் சொல்கிறவர்கள் டைரி எழுதாதவர்கள். எனக்கு அந்த வசதி இல்லை. கொஞ்சம் ஆறிப்போனதுபோல் தோன்றினால் பீரோவைத் திறந்து 2009-ஆம் வருட டைரியில் ஆயுத பூஜைப் பக்கத்தை எடுத்துப் படிப்பேன். படித்து முடிப்பதற்குள் கோபம் அன்றைக்கு வந்த சூட்டோடு திரும்ப வந்துவிடும்.

அப்போது நான் விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுவது என் வேலை. (வீட்டிலும் ஒட்டுவேன். மிளகாய்ப்பொடி டப்பாவில் ‘மிளகாய்ப்பொடி’ என்று ஒட்டியதற்கு என் மனைவி செல்வி, “திறந்து பாத்தா தெரியாதா?” என்று கேட்டாள். கேள்வி அது இல்லை.) பொழுதுபோக்கு, வானம் பார்ப்பது. மொட்டைமாடியில் நானே செய்த நாலு அங்குலத் தொலைநோக்கி இருந்தது. அதில் வியாழன் தெரியும். பார்ப்பவருக்குக் கொஞ்சம் நல்ல மனசும் வேண்டும்.

ஆலங்குளத்தில் ஞானதுரை சார் என்று ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எட்டு அங்குலத் தொலைநோக்கி வைத்திருந்தார். அந்த வருடம் அவர் கோயம்புத்தூருக்கு, மகள் வீட்டுக்கே போய்விட முடிவு செய்தார். அங்கே அதை வைக்க இடம் இல்லை. விற்கவும் மனசில்லை. “வச்சுக்கத் தெரிஞ்ச ஆளு கையில குடுத்துட்டுப் போகணும்,” என்றார். அந்த ஆள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்கு இருந்தது. அதனால் ஒரு பரீட்சை வைத்தார்.

பரீட்சை ஒரு ஐபீஸ். தொலைநோக்கியில் நாம் கண் வைக்கிற இடத்தில் பொருத்துகிற கண்ணாடிக் குமிழ். சாதாரண ஐபீஸ் கட்டைவிரல் பருமன் இருக்கும். இது எவர்சில்வர் டம்ளர் அளவு, கையில் வைத்தால் அரைக்கிலோ. வெளிநாட்டிலிருந்து அவருடைய மருமகன் கொண்டுவந்தது. இதன் வழியாகப் பார்த்தால் முழு நிலாவும் அதைச் சுற்றி ஊர்ப்பட்ட வானமும் தெரியும். அதைவிடப் பெரிய விசேஷம், உள்ளே ஏதோ வாயுவை அடைத்து மூடியிருந்தார்கள். பனி பிடிக்காது, தண்ணீர் புகாது.

“பத்து நாள் வச்சிருங்க. ஆயுத பூஜை அன்னைக்கு நவமி நிலா. ஆறரை மணிக்கு உங்க வீட்டுக்கு வந்து அதுலயே பாக்குறேன். மத்தத அப்புறம் பேசுவோம்,” என்றார்.

அன்றைக்கே நான் பதினோரு விதிகள் எழுதினேன். பெட்டியைத் திறக்குமுன் கை கழுவ வேண்டும் என்பது முதல் விதி. கண்ணாடியில் விரல் படக்கூடாது என்பது இரண்டாவது. எக்காரணம் கொண்டும் துணியால் துடைக்கக் கூடாது, அழுக்குப் பட்டால் குழாய்த் தண்ணீரில் காட்டி நிழலில் காயவைக்க வேண்டும் என்பது மூன்றாவது. அதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. இப்படிப் போய், உரியவர் அனுமதி இல்லாமல் யாரும் எடுக்கக் கூடாது என்று பதினோராவதில் முடியும். தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஐபீஸ் பெட்டிக்குள் வைத்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனன் கணேசன் வந்தான். செல்வியின் தம்பி. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவன். அவனுக்கு முன்னால் பெருமையடிக்காமல் இருக்க என்னால் முடிந்ததே இல்லை. ஒரு வாளித் தண்ணீரை நடு வீட்டில் வைத்து, ஐபீஸை அதற்குள் இறக்கி, நூறு எண்ணி வெளியே எடுத்தேன். (எண்ணும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். இப்போது நினைத்தாலும் என்னுடைய அந்த முகத்தில் ஒன்று வைக்கத் தோன்றுகிறது.) பிறகு விதித்தாளை அவன் கையில் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவனும் பள்ளிக்கூடப் பையன்போலப் பதினொன்றையும் படித்தான். படித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்துச் சுவரில் தொங்கிய காலண்டரில் வைத்துப் பார்த்தான்.

“அத்தான், புள்ளி புள்ளியா எம்புட்டுத் தெளிவா தெரியுது. எங்க பிரஸ்ல இருக்க லென்ஸெல்லாம் இதுக்குக் கிட்ட நிக்காது.”

அச்சகத்தில் நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று இம்மி பிசகாமல் விழ வேண்டும். அதற்கு ரிஜிஸ்டர் என்று பெயர். ஒரு நூல் தள்ளினாலும் காலண்டர் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு வந்துவிடும். அதைப் பார்க்கத்தான் மெஷின்காரர்கள் லென்ஸ் வைத்திருப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பாராட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை அன்று மாலை 3.10-க்குப் பெட்டியைத் திறந்தேன். (கை கழுவியிருந்தேன்.) பெட்டி காலி. விதித்தாளும் இல்லை.

செல்வி அடுப்படியிலிருந்து பதற்றமே இல்லாமல் சொன்னாள். நேற்று நான் பள்ளிக்கூடத்தில் தராசுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது கணேசன் வந்தானாம். காலண்டர் சீசன், அவசர ஆர்டர், லட்சுமி உதடு தள்ளியிருக்கிறது, சாயங்காலம் தந்துவிடுகிறேன் என்றானாம். கொடுத்தாளாம். பதினோராவது விதியை ஞாபகப்படுத்தினேன்.

“உரியவர் அனுமதிதானே? நான் குடுத்தேன்ல. இந்த வீட்டுல நான் உரியவ இல்லையா?”

இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பஸ் போய்விடும். 3.25 பஸ்ஸைப் பிடித்தேன். சிவகாசி போய்ச் சேரும்வரை கணேசனிடம் பேச வேண்டியதை வரிசைப்படுத்தினேன். மொத்தம் ஒன்பது வசனம். ஆமத்தூரில் பஸ் நின்றபோது மூன்றாவது வசனத்தை இன்னும் கொஞ்சம் கடுமையாக்கினேன்.

4.35-க்கு அச்சகம். மெஷின்களுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். நாற்பது பேர் குளித்துத் துவைத்த சட்டையில் நின்றார்கள். முதலாளி அண்ணாச்சி தட்டில் சூடம் அடுக்கிக்கொண்டிருந்தார். சாமி படத்துக்கு முன்னால் ஒரு மேசை. அதில் ஸ்பேனர்கள், மை டப்பா, காலண்டர் கட்டு. கட்டின் உச்சியில், பூச்சரம் சுற்றி, நெற்றியில் வைப்பதுபோல் நடுக்கண்ணாடியில் வட்டமாகச் சந்தனமும் அதன் நடுவில் குங்குமமுமாக, ஞானதுரை சாரின் ஐபீஸ்.

“வாங்க அத்தான், நல்ல நேரத்துல வந்தீக. பொரி எடுத்துக்கோங்க,” என்றான் கணேசன்.

ஒன்பது வசனமும் மறந்துவிட்டது. “ஏலே, அதை எடுத்துக் குடு,” என்று மட்டும் வந்தது.

“இப்ப எப்படி எடுக்க? சாமிக்கு வச்சாச்சு. காலைல மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். இன்னைக்கு ஸ்பேனரையே நாங்க தொடமாட்டோம்.”

“அது உங்க ஸ்பேனர் இல்லலே. ஆறரைக்கு அவரு வாராரு.”

“நேத்து ஒரு நாள்ல அம்புட்டு வேலை பாத்திருக்கு அத்தான். வேலை பாத்த சாமானுக்குப் பொட்டு வைக்காம விட்டா அதுக்கு என்ன மரியாதை?”

“கண்ணாடியில விரலை வச்சிருக்கியே...”

“விரல் படல. ரெண்டாவது ரூல் தெரியும். தீக்குச்சியாலதான் வச்சேன்.” சட்டைப் பையிலிருந்து என் விதித்தாளை எடுத்து விரித்தான். “பதினொன்னையும் படிச்சாச்சு. சந்தனம் வைக்கப்படாதுன்னு இதுல எங்கன போட்டிருக்கீக?”

எங்கேயும் போடவில்லை. அந்தக் கணத்தில் அவன்மீது வந்த கோபத்தைவிட, பன்னிரண்டாவது விதி எழுதாத என்மீது வந்த கோபம் பெரிது. இரண்டையும் சேர்த்து அவன்மேலேயே காட்டினேன். நாற்பது பேரையும் விலக்கிக்கொண்டு போய், மேசையிலிருந்து ஐபீஸைப் பிடுங்கினேன்.

பூச்சரம் ஐபீஸை மட்டும் சுற்றியிருக்கவில்லை. மை டப்பாவைச் சுற்றி, ஸ்பேனரைச் சுற்றி, குத்துவிளக்கின் கழுத்திலும் ஒரு சுற்று போயிருந்தது. நான் இழுத்தேன். விளக்கு சாய்ந்தது.

வேறு ஊராக இருந்தால் யாராவது ஓடிவந்து விளக்கைப் பிடித்திருப்பார்கள். சிவகாசியில் நெருப்பு சாய்ந்தால் முதலில் வாசல், அப்புறம்தான் என்ன என்று பார்ப்பது. அந்த ஊரில் பிறந்த காலுக்கு அது தெரியும். நான் திரும்பிப் பார்த்தபோது அச்சகத்தில் ஒருவரும் இல்லை. நாற்பது பேரும், சூடத்தட்டோடு அண்ணாச்சியும், தெருவில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு, கழுவிவிட்ட ஈரத்தரையில் விழுந்து தானாகவே அணைந்துவிட்டது. பூஜை நின்றுபோன கட்டடத்தில் கையில் மாலையோடு நான் மட்டும் நின்றேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருக்கலாம். அதற்கும் வழி விடாமல் ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டார்கள்.

5.05 பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து ஐபீஸைப் பார்த்தேன். பொட்டு இரண்டு பக்கக் கண்ணாடியிலும் இருந்தது. காய்ந்து இறுகியிருந்தது. அச்சகத்தில் மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்ட் துணியும் போட்டுத் தேய்த்துக் கழுவியிருப்பான் என்று எனக்குள் ஒரு படம் ஓடியது. ஓட ஓடக் கோபம் ஏறியது. திருத்தங்கல் தாண்டியதும் என் கை என்ன செய்தது என்பதை டைரியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறேன். இங்கே கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

6.30-க்கு ஞானதுரை சார் வந்தார். ஒரு நிமிடம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. மொட்டைமாடியில் நிலா நன்றாக மேலே ஏறியிருந்தது. அவர் ஐபீஸைத் தொலைநோக்கியில் போடவில்லை. முதலில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடியின் நடுவிலிருந்து ஓரம்வரை வளைவாகக் கீறல்கள். இடுக்கில் செம்மஞ்சள்.

“இது சந்தனமா?”

அச்சகத்தில் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கணேசன் படியேறி வந்துவிட்டான். ஐபீஸின் இரண்டு மூடிகளையும் விதித்தாளையும் அச்சகத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேனாம். கொடுக்க வண்டியில் வந்திருந்தான். ஒரு பொட்டலம் சுண்டலும் இருந்தது.

“சந்தனம் ஒண்ணும் பண்ணாது. குழாய்ல காட்டினா போயிரும். அதுக்குத்தானே தண்ணி புகாம செஞ்சிருக்கான்,” என்றார் சார். “கீறல் அதால வரல. இதைத் தொடச்சது யாரு?”

“இவன்தான் சார். பிரஸ்ல பனியன் வேஸ்ட் வச்சு,” என்றேன்.

கணேசன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். “நான் தொடைக்கலையே சார். மூணாவது ரூல் இருக்குல்ல. குழாய்ல காட்டி, நிழல்ல வச்சேன். காக்கா தூக்கிட்டுப் போயிரும்னு காயிற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன். அதுக்கப்புறந்தான் பொட்டு.”

சொல்லிவிட்டு என் சட்டைப் பையைப் பார்த்தான். சாரும் பார்த்தார். என் கைக்குட்டை பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சந்தனமும் குங்குமமுமாக, திருத்தங்கலிலிருந்து விருதுநகர்வரை வஞ்சனை இல்லாமல் தேய்த்த கைக்குட்டை.

சார் கையை நீட்டி விதித்தாளை வாங்கினார். டார்ச் வெளிச்சத்தில் மூன்றாவது விதியைச் சத்தமாகப் படித்தார். “அழகான கையெழுத்து,” என்றார்.

வந்ததற்கு நிலாவைப் பார்த்துவிட்டே போகலாம் என்று அந்தக் கீறல் ஐபீஸையே மாட்டினார். கணேசனையும் பார்க்கச் சொன்னார். அவன் கை கழுவிவிட்டு வந்து, கண்ணை வைத்து, வெகு நேரம் எடுக்கவே இல்லை.

“என்ன தெரியுது?” என்றார் சார்.

“ஒரு ஓரத்துல குழி குழியா இருக்கு சார். ஒவ்வொரு குழியிலயும் கறுப்பு ஒரு பக்கமா தள்ளியிருக்கு. கறுப்பு கலருக்கு ரிஜிஸ்டர் சரியில்ல.”

ஞானதுரை சார் சிரித்தார். அவரோடு நாலு வருடப் பழக்கத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. நிழல் எப்படி விழுகிறது என்று அவனுக்கு விளக்க ஆரம்பித்தார். எனக்கு அது எட்டாம் வகுப்பிலிருந்து தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் சுண்டல் சாப்பிட்டேன்.

எட்டு அங்குலத் தொலைநோக்கி இப்போது சிவகாசியில் கணேசன் வீட்டு மாடியில் இருக்கிறது. வேட்டு சோதித்துப் பார்க்கிற புகையில் பாதி நாள் நட்சத்திரமே தெரியாத ஊரில். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதன் குழாயில் பொட்டு வைக்கிறான், தீக்குச்சியால். ஐபீஸை மட்டும் சார் என்னிடமே விட்டுவிட்டுப் போனார். “இது உங்களுக்குத்தான்,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும். அன்பாகச் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பந்தியில் யார் சட்டையில் சாம்பார் கொட்டினாலும், “அத்தான்கிட்ட கைக்குட்டை இருக்கும், கேளு,” என்று ஒரு குரல் வரும். இலை முன்னால் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். செல்வி எல்லோருக்கும் முன்னாலேயே சிரிப்பாள்.

நல்ல நிலாவில் மனசு கேட்காமல் நான் அதே ஐபீஸை எடுத்துக்கொண்டு சிவகாசிக்கு பஸ் ஏறுகிறேன். மாடிப்படிச் சுவரில் என் பதினோரு விதிகளையும் கணேசன் அச்சடித்து, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். கீழே பன்னிரண்டாவது ஒன்று சேர்த்திருக்கிறான்: ‘அத்தான் வந்தால் கைக்குட்டையை வாசலிலேயே வாங்கி வைக்கவும்.’

நாலு கலரில் அச்சடித்திருக்கிறான். எங்காவது ஒரு இடத்திலாவது தப்பு இருக்கும் என்று ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். ரிஜிஸ்டர் ஒரு நூல்கூடத் தள்ளவில்லை.