டிரைவிங் மாஸ்டர் நடத்திய சைக்கிள் வகுப்பு

"இப்படி ஆளுக்கொரு பக்கம் சும்மா நின்னா, அந்தப் பொண்ணு எப்பத்தான் கத்துக்கிறது?"

ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினார் டிரைவிங் மாஸ்டர்.

கீழே முற்றத்தில் சைக்கிளோடு இரண்டு சிறுமிகள். ஒருத்தி அவர் பெற்ற மகள், வாயாடி. பட்டப்பெயர் அவரே வைத்தது. இன்னொருத்தி பக்கத்து வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து, வாயாடியின் வகுப்பிலேயே சேர்ந்தவள். பாஷை தெரியாததால் வாயே திறக்க மாட்டாள். வாயாடி அவளுக்கு வைத்த பெயர் 'புதுசு'.

பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் யாருக்காவது எதையாவது கற்றுக்கொடுத்து, வெள்ளிக்கிழமை அந்த மாணவரோடு மேடையேற வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரின் மகள் அங்கே திருதிருவென்று விழித்தால், அவர் மானம் கப்பலேறிவிடும்.

"நாங்க பார்த்துக்கிறோம்பா," என்றாள் வாயாடி. "புதுசு வீட்ல வாயால சொல்லிக்கொடுக்க மாட்டாங்களாம். செஞ்சு காட்டிட்டு, கையில கொடுத்துடுவாங்களாம்."

"பேசாம ஒரு பாடமா? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே!"

இறங்கி வந்து பிரேக்கைப் பற்றி நீண்ட சொற்பொழிவு ஆற்றினார். புதுசு புன்னகையோடு தலையாட்டினாள். சாக்கட்டியால் தரையில் வளைவுகள் வரைந்து விளக்கினார். பிள்ளைகள் இருவரும் அதில் நொண்டியடித்து விளையாடினார்கள்.

"சரி, செஞ்சே காட்டிடறேன்!"

பஸ், லாரி எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சைக்கிள் பேச்சை எடுத்தால் மட்டும், "அதெல்லாம் சின்ன வயசு சமாச்சாரம்" என்று நழுவிவிடுவார். இப்போது கால்சட்டையை மடித்துவிட்டு ஏறினார். இடது கால் கிளட்ச்சைத் தேடியது. சைக்கிள் நேரே பூச்செடிக்குள் போய்ப் படுத்தது.

"இப்படித்தான் விழக்கூடாது! புரிஞ்சுதா?" என்றார் செடிக்குள்ளிருந்து.

புதுசு சிரிக்கவில்லை. சைக்கிளை நிமிர்த்தி ஏறினாள். முற்றத்தை அழகாக ஒரு சுற்று வந்து, இறங்கி, அவர் கையிலேயே கொடுத்தாள்.

"பார்த்தியா! ஒரே தடவைதான் காட்டினேன், கப்புன்னு பிடிச்சுக்கிட்டா!"

வாயாடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் சுவரில் மோதிக் காட்டினார். அதற்கடுத்த நாள், மனைவி உலர்த்தியிருந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு விழுந்து காட்டினார்.

"வாத்தியாருக்கே இத்தனை காயம்னா, படிக்கிறவ கதி என்னங்க?" என்றாள் மனைவி.

"அவ பிரமாதமா ஓட்டுறாடி! அதான் எனக்குப் பெருமை!"

விழும்போதெல்லாம் புதுசு மறுபடி ஓட்டிக் காட்டி, சைக்கிளை நீட்டினாள். ஒருமுறை அவர் தாடையைத் தொட்டு, தரையைப் பார்த்த முகத்தை நிமிர்த்திவிட்டாள். ஏதோ சந்தேகம் கேட்கிறாள் என்று நினைத்தார். வியாழன் மாலை அவர் விழாமல் மூன்று சுற்று வந்தபோது அவள் கைதட்டினாள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று அவருக்கு மனசு நிறைந்துபோனது.

வெள்ளிக்கிழமை, முழங்கால் பிளாஸ்திரியோடு முன்வரிசையில் உட்கார்ந்தார் மாஸ்டர். வாயாடி புதுசைக் கூட்டிக்கொண்டு மேடையேறினாள்.

"இவதான் என் மாணவி. இவளுக்கு நம்ம பாஷை பேசச் சொல்லிக்கொடுத்தேன்."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஷையா? அப்போ சைக்கிள்? ஆனாலும் மகள் மைக் முன்னால் நின்ற நிமிர்வைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. என் ரத்தம், வேறெப்படி இருக்கும்!

அடுத்தது புதுசின் முறை. அவள் இறங்கி வந்து மாஸ்டரின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனாள். அங்கே அந்தச் சைக்கிள் நின்றது. குருவுக்கு நன்றி சொல்லப் போகிறாள் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

புதுசு சைக்கிளை அவர் கையில் கொடுத்துவிட்டு, மைக்கில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இவர் என் மாணவர். முதல்ல ரொம்பப் பேசினார். இப்ப நல்லா ஓட்டுறார்."