பின்னேற்பு பெற்ற கோல்

ஒரு கால்பந்து அணியின் உரிமையாளர், ஆட்டம் பற்றிய முடிவுகளில் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்பது கற்றறிந்தவர்கள் இன்னும் தீர்த்துவைக்காத கேள்வி. தலையிடவே கூடாது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் சொந்தமாக அணி இல்லாதவர்கள். ஆகையால் அவர்கள் கருத்தைப் பாரபட்சமானது என்று தள்ளிவிடலாம்.

பிளாஸ்டிக் நாற்காலி செய்து பெரும் பொருள் ஈட்டிய முதலாளி ஒருவர் தம் ஊர் அணியை விலைக்கு வாங்கினார். வாங்கிய பின்பும் அவர் மைதானத்துக்குப் போகவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளாது. அதோடு, அங்கே போட்டிருந்த நாற்காலிகள் வேறொரு கம்பெனியுடையவை. வீட்டுக் கூடத்தில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் முன்னால், மனைவி, மைத்துனர் சகிதம் அமர்ந்து, பயிற்சியாளருக்குத் தொலைபேசியில் உத்தரவு கொடுப்பார். பயிற்சியாளர் கோட்டோரம் நின்று, "சரிங்க முதலாளி" என்பார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிறு குறை இருந்தது. மைதானத்தில் நடப்பது வானத்துக்கு ஏறி முதலாளியின் கூடத்தில் வந்து இறங்க, ஒருவர் தும்மி, மூக்கைத் துடைத்து, கைக்குட்டையை மடித்து வைக்கிற நேரம் பிடிக்கும். இது முதலாளிக்குத் தெரியாது. தெரிவிக்கும் துணிவு எவருக்கும் இல்லை.

"அந்தக் குட்டையன்கிட்ட பந்தைக் குடுக்காதேன்னு சொல்லு!"

"அவன் ஓரமா நின்னு தண்ணி குடிச்சிட்டிருக்கான், முதலாளி."

"எங்கிட்டயே பொய்யா? என் கண்ணு முன்னாடி ஓடிட்டிருக்கான்யா!"

குட்டையன் என்று குறிப்பிடப்பட்டவன் இடது ஓரத்தில் ஆடுபவன். எல்லாரும் எறும்பு என்று கூப்பிடுவார்கள். அணிக்குக் கிடைத்த கோல்களில் பெரும்பாலானவை அவன் அடித்தவை. ஆனால் நாற்காலி விளம்பரத்துக்காக உட்காரவைத்தபோது அவன் கால் தரையைத் தொடவில்லை. இந்தக் குறையை முதலாளியால் மன்னிக்க முடியவில்லை.

"ஆறடிக்கு ஒரு ஆள் பார்த்து வெச்சிருக்கேன் அத்தான்," என்றார் மைத்துனர். "உட்கார்ந்தா நாற்காலிக்கே ஒரு கம்பீரம் வரும்."

இன்னொரு தடவை சொன்ன பேச்சு கேட்காவிட்டால் எறும்பும் போகலாம், பயிற்சியாளரும் கூடவே போகலாம் என்று முதலாளி அறிவித்தார்.

பயிற்சியாளர் பந்தோடு பழகியது பல வருஷம். முதலாளிகளோடு சில மாதம்தான். ஆனாலும் பாடத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். அடுத்த ஆட்டத்தில் எறும்பு இடது ஓரமாகப் பாய்ந்து பந்தை வலைக்குள் தள்ளினான். கூட்டம் ஆர்ப்பரித்தது. பயிற்சியாளர் கூட்டத்தின் சத்தம் உள்ளே போகாதபடி தொலைபேசியை வாயோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு, மிகுந்த பணிவோடு கேட்டார்:

"முதலாளி, எறும்பு இடது பக்கம் ஓடட்டுங்களா?"

"ஓடச் சொல்லு."

"ஓடிட்டு... அடிக்கட்டுங்களா?"

"பின்னே பந்தை மடியில வெச்சுக் கொஞ்சவா? அடிக்கச் சொல்லுய்யா!"

கூடத்துச் சுவரில் எறும்பு ஓடினான், அடித்தான், வலை குலுங்கியது.

"அத்தான்! நீங்க வாயை மூடலை, அதுக்குள்ள கோல்!"

முதலாளியின் மனைவி பெருமூச்சு விட்டாள். "இந்த வீட்டுல ஃபேன் போடச் சொன்னாக்கூட இவ்வளவு சீக்கிரம் யாரும் போட்டதில்லை."

அன்றுமுதல் அணி முழுக்க முழுக்க முதலாளியின் உத்தரவுப்படியே ஆடியது. எதிரணி கோல் அடித்துவிட்டால், "கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாமா?" என்று பயிற்சியாளர் கேட்பார். "விட்டுப் பிடி," என்பார் முதலாளி. உடனே கோல் விழும். தோல்வியிலும் இவ்வளவு கட்டுப்பாடா என்று கூடம் வியக்கும்.

வெற்றிகள் தொடரவே, கால்பந்து ஆணையம் விழித்துக்கொண்டது. 'உரிமையாளர் தொலைநெறியாள்கை' எல்லா அணிகளுக்கும் கட்டாயம் என்று சுற்றறிக்கை பிறப்பித்தது. மற்ற அணிகளின் பயிற்சியாளர்களும் மூளையில்லாதவர்கள் அல்லர்; இரண்டு மூன்று ஆட்டங்களிலேயே கலையைக் கற்றுக்கொண்டார்கள். அதன்பின் நாட்டில் விழுந்த ஒவ்வொரு கோலும் இரு தரப்பு முதலாளிகளின் முழுச் சம்மதத்தோடு விழுந்தது.

நம் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. முறையின் முன்னோடியைக் கௌரவிக்க விரும்பிய ஆணையம், முதலாளிக்குக் கோட்டோரத்தில், பயிற்சியாளரின் பக்கத்திலேயே இடம் ஒதுக்கியது. குடையும், அவருடைய கம்பெனி நாற்காலியும் போடப்பட்டன. மறுக்க வழியில்லை. வந்து உட்கார்ந்தார்.

"எறும்பை அடிக்கச் சொல்லு!"

"பந்து அவன்கிட்ட இல்லைங்க முதலாளி."

"வீட்டுல இருந்து சொல்லியிருந்தா இந்நேரம் இருந்திருக்கும்." முதலாளிக்கு வியர்த்தது. "என்னய்யா இது? அடுத்து என்ன நடக்கும்னே தெரிய மாட்டேங்குது!"

"யாருக்கும் தெரியாதுங்க. அதைப் பார்க்கத்தான் இத்தனை பேர் வந்திருக்காங்க."

"எல்லாம் என்னைக் கேக்காமலே நடக்குது!"

கோல் விழாமலே ஆட்டம் முடிவை நெருங்கியது. முதலாளி எழுந்தார். "குட்டையனை வெளியே எடு. வீட்டுல இருந்து சொன்னா கேக்கிறான், நேர்ல வந்தா மதிக்க மாட்டேங்கிறான். ஆறடியை இறக்கு."

மைத்துனர் கொண்டுவந்து அணியில் சேர்த்திருந்த ஆறடி, மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டருகே வந்து நின்றான். பயிற்சியாளர் எறும்பைப் பார்த்தார். களைத்திருந்தாலும், எதிரணியின் தடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் ஓர் இடைவெளியை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தான். முதலாளி முகத்துக்கு நேராக இதுவரை ஒருவரும் சொல்லாத சொல்லைப் பயிற்சியாளர் சொன்னார்.

"இல்லைங்க."

முதலாளி அந்தச் சொல்லுக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கும்போதே எறும்பு இடைவெளிக்குள் நுழைந்தான். கோல். மைதானமே எழுந்து குதித்தது. முதலாளி மட்டும் உட்கார்ந்தார்.

"யாரைக் கேட்டு அடிச்சான்?"

விசாரணை நடந்தது. ஆணையம் தர்மசங்கடத்தில் ஆழ்ந்தது. கோலை ரத்து செய்தால் கோப்பை போய்விடும். ஏற்றால் உரிமையாளரின் அதிகாரம் போய்விடும். நீண்ட ஆலோசனைக்குப் பின், 'உத்தரவின்றி அடிக்கப்பட்ட மேற்படி கோலுக்கு உரிமையாளர் பின்னேற்பு வழங்கலாம்', அதாவது நடந்து முடிந்ததற்குப் பின்தேதியில் ஒப்புதல் தரலாம் என்று முடிவாயிற்று. முதலாளி பெருந்தன்மையோடு வழங்கினார். பின்னேற்பு பெற்றபின் எறும்பு முதலாளியின் கண்டுபிடிப்பு ஆகிவிட்டான். அவன் உட்காருவதற்காக விளம்பர நாற்காலியின் கால்கள் குறைக்கப்பட்டன.

'இல்லைங்க' என்ற சொல்லுக்கு மட்டும் பின்னேற்பு வழங்க விதியில் இடமில்லை. பயிற்சியாளர் நீக்கப்பட்டார், பிரிவுபசாரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தரப்பட்டது. முதலாளி கூடத்துக்குத் திரும்பினார். பயிற்சியாளர் பதவி மைத்துனருக்குப் போயிற்று. எப்போது, எதைக் கேட்க வேண்டும் என்பதை மைத்துனரின் காதில் போட்டுவிட்டே பழைய பயிற்சியாளர் வீட்டுக்குக் கிளம்பினார். எறும்பு பிழைக்க வேண்டுமே.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தை அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். பழைய பெட்டி. படம் சாவகாசமாகத்தான் வரும். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் புதுப் பெட்டி வாங்கியிருந்தார். அதில் எல்லாம் ஒரு தும்மல் முன்னதாகவே வந்துவிடும்.

ஜன்னல் வழியாக, "கோல்! எறும்புடா!" என்று தபால்காரரின் குரல் கேட்டது. பயிற்சியாளரின் பெட்டியில் எறும்பு அப்போதுதான் பந்தை வாங்கிக்கொண்டிருந்தான். அடுக்களையில் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு மனைவி வந்தாள்.

"என்னங்க, எப்படிப் போகுது?"

பயிற்சியாளர் ஒரு நொடி யோசித்தார்.

"இப்பப் பாரு. இடது பக்கம் ஓடுவான். அடிப்பான். கோல்."

எறும்பு ஓடினான்; அடித்தான்; கோல்.

மனைவி வாயில் கை வைத்தாள். "எப்படிங்க? சொல்லி வாய் மூடலை!"

"எல்லாம் ஒரு கணக்குதான்."

"உங்களைப் போயி வெளியே அனுப்பினானே, பாவி! நீங்கதாங்க முதலாளியா இருந்திருக்கணும்."

பயிற்சியாளர் அடக்கத்தோடு தலையசைத்தார். இடைவேளை முடிவதற்குள் எழுந்துபோய், பிரிவுபசார நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.