தூக்கிவிடப் போன அப்பா

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே தூக்கிவிடுகிறவன் பெற்ற மகளைத் தூக்கிவிட மாட்டேனா? பள்ளிக்கூடக் கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போதே தீர்மானித்துவிட்டேன். என்ன பாடுபட்டாவது அவளை அந்த வகுப்பில் சேர்த்தே தீருவது!

மகள் படிப்பது அரசுப் பள்ளியில். மூன்றாம் வகுப்பில் தனித்திறன் உள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனி வகுப்பு நடத்தப் போகிறார்கள். ஒரு பிள்ளை விடாமல் எல்லோருக்கும் புதிர்ப் பரீட்சை. அதன் பிறகு டீச்சர் பல வாரம் கவனிப்பார். மார்க் மட்டும் போதாதாம், புத்தி எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்களாம்.

"தயவுசெஞ்சு வீட்டுல யாரும் டிரெயினிங் கொடுக்காதீங்க" என்று டீச்சர் கை கூப்பினார். மற்றவர்களுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. ஆனால் மருந்துக்குக்கூட என்னைப் பாராட்ட மாட்டாள்.

"இதென்னங்க, மூட்டை?"

"புதிர்ப் புத்தகம்! குழந்தைக்கு."

"அவ பாட்டுக்கு விளையாடட்டுமே."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அறிவு தானா வளராது. நாமதான் வளர்க்கணும்."

"அப்படியா? உங்க வீட்டுல யாரும் வளர்க்கலையா?"

நான் காதில் வாங்கவில்லை. மகள் ஒரு புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

"விடையெல்லாம் இங்கேயே இருக்கேப்பா. அப்புறம் நான் எதுக்கு?"

அத்தோடு புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் போயின. நான் இடிந்துபோனேன். ஆனால் பரீட்சை முடிந்து சில நாளில் ஓர் அதிசயம் நடந்தது. குழந்தை கேள்வி கேட்க ஆரம்பித்தாள்!

"அப்பா, ஃபேன் இறக்கையில எந்தப் பக்கம் தூசி அதிகமா இருக்கும்? முன்பக்கமா, பின்பக்கமா?"

எனக்குப் புல்லரித்தது. "கேட்டியா கேள்வியை!" என்று மனைவியை அழைத்தேன். நாற்காலி போட்டு ஏறித் துடைத்துப் பார்த்தேன். முன்பக்கம்தான்!

"ஒரு ஃபேனை வெச்சு எப்படிப்பா நிச்சயமா சொல்றது?"

நியாயம்தானே? வீட்டில் இருந்த அத்தனை ஃபேனையும் துடைத்தேன்.

மறுநாள் புதுக் கேள்வி. "எண்ணெய்ப் பிசுக்கு சுடுதண்ணியில சீக்கிரம் போகுமா, பச்சைத்தண்ணியிலயா?" பாத்திரங்களைப் பாதியாகப் பிரித்துத் தேய்த்தேன். அதற்கடுத்து, "துவைச்சா எந்தத் துணிப்பா முதல்ல காயும்?" வாளி வாளியாகத் துவைத்துக் காயப்போட்டேன். என் இடுப்பு இரண்டாய்ப் பிளந்தது. ஆனால் மனசு மொட்டைமாடிக்கும் மேலே பறந்தது!

மனைவி சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். "பாவங்க குழந்தை, விடை தெரியாம தவிக்குது" என்று மட்டும் அவ்வப்போது உச்சுக் கொட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "என்ன சார், நீங்க வீடு கூட்டறீங்க?"

"ஆராய்ச்சி சார், ஆராய்ச்சி!"

கடைசியில் அந்த நாள் வந்தது. மகளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குடும்பத்தோடு பள்ளிக்கு ஓடினேன்.

"பரீட்சையும் நல்லாத்தான் எழுதினா" என்றார் டீச்சர். "ஆனா எங்களை அசத்தினது கடைசிச் சுற்றுதான். வீட்டுல ஒரு பிரச்னையைக் கண்டுபிடிச்சுத் தீர்க்கணும். அழக்கூடாது, கெஞ்சக்கூடாது. சாட்சிக்கு ஒரு பெரியவங்களைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது."

"பிரமாதம்! இவ என்ன பிரச்னையை எடுத்தா?"

டீச்சர் மேஜையைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள். மகள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எல்லா வேலையும் அம்மாவே செய்யறாங்கல்லப்பா, அதுதான் பிரச்னை. உங்ககிட்ட வேலை சொன்னா செய்ய மாட்டீங்க. கேள்வி கேட்டா உடனே செஞ்சிடறீங்க!"

"சாட்சி யாரு?"

மனைவி தொண்டையைக் கனைத்தாள்.

எனக்கு முகம் சிவந்தது. ஆனாலும் சொல்கிறேன், என் மகளைப் போல ஒரு புத்திசாலி உண்டா? அப்படியே வாரித் தூக்கிக்கொண்டேன்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில்தான். "மத்த பிள்ளைங்களும் சாரை நேர்ல பார்க்கணும்னு ஆசைப்படறாங்க. நாளைக்கு அனுப்பி வைக்கறீங்களா?"

கேட்டது என்னையல்ல, என் மனைவியை.

"மத்தியானத்துக்கு மேல அனுப்பறேன் டீச்சர். காலையில அவருக்கு வீட்டுல வேலை இருக்கு."