காலுறைக்குள் ஷிராஸ்

"இந்த வருஷமும் நீ மொத கேள்வியிலயே உக்காந்தேன்னு வையி, நான் தனியா கார ஓட்டிட்டு வீட்டுக்கு வந்துருவேன். நீ நடந்து வா" என்றாள் ரோண்டா, கணவர் எல்வின் நோஸ்கேயிடம்.

ஆஸ்திரேலியாவின் டனுண்டாவில் திராட்சை பயிரிடுகிறவர்கள் எல்லாரும் வருஷம் ஒரு முறை மாதா கோயில் ஹாலில் கூடிச் சாப்பிடுவார்கள். ஒயின் பாட்டில்களுக்குக் கால்பந்துக் காலுறையை மாட்டி, லேபிளை மறைத்துவிட்டு ஊற்றுவார்கள். எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். ஷிராஸ், காபர்னே இரண்டும் சிவப்பு ஒயின் தரும் திராட்சை வகைகள்; உள்ளே இருப்பது ஷிராஸ் என்று நினைப்பவர்கள் கை தூக்கலாம். காபர்னே என்று நினைப்பவர்கள் சும்மா நிற்கலாம். தப்பாகச் சொன்னவர்கள் உட்கார்ந்துவிட வேண்டும். எல்வின் ஒவ்வொரு வருஷமும் நாற்காலி சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்துவிடுவார்.

இத்தனைக்கும் அவர் பயிரிடுவது ஷிராஸ் மட்டும்தான். கொள்ளுத் தாத்தா நட்ட கொடிகள். ஓடுகிற டிராக்டரிலிருந்தே எந்தக் கொடிக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிடுவார். ஆனால் பழத்தை லாரியில் ஏற்றியதோடு அவருக்கும் அதற்கும் உள்ள உறவு முடிந்தது. வீட்டுக்கு வந்து பீர் குடிப்பார்.

இதுவரை அதனால் ஒரு குடியும் முழுகவில்லை. இந்த வருஷம்தான் சிக்கல். எங்கோ பெரிய தொட்டியில் ஊர்ப் பழத்தோடு கலந்துகொண்டிருந்த அவருடைய பழத்தை, ஒயின் ஆலைக்காரர்கள் முதல் தடவையாகத் தனியாக ஒயினாக்கியிருந்தார்கள். 'நோஸ்கே தோட்டம், ஷிராஸ்' என்று லேபிள் ஒட்டி விற்கலாமா என்று யோசனை. முடிவு சொல்ல வேண்டியவர் சிட்னியில் இருக்கும் ஆலை முதலாளியம்மா. விருந்தில் முதல் காலுறைக்குள் இருக்கப்போவதும் அந்த ஒயின்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. காலுறைக்குள் இருப்பது அதுதானா, அல்லது ஏமாற்றுவதற்காகக் கடைசி நேரத்தில் காபர்னேயை மாட்டிவிடுவார்களா என்பதுதான் தெரியாது. போன வருஷம் அப்படித்தான் செய்தார்கள்.

தன் பெயர் ஒரு பாட்டிலில் வர வேண்டும் என்று எல்வினுக்கு ஆசை. வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிற அளவுக்கு ஆசை. சொந்த ஒயினையே தெரியாத ஆளின் பெயரை யார் பாட்டிலில் போடுவார்கள்?

ரோண்டா வைத்தியத்தை அன்றே தொடங்கினாள். சமையலறை மேசையில் ஒரு கிளாஸ் ஷிராஸும் பக்கத்தில் மிளகுத்தூள் டப்பாவும் வைத்தாள்.

"ஷிராஸ்னா மிளகு வாசனை வரணும். மொதல்ல இத மோந்து பாரு. அப்புறம் அத."

எல்வின் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. டப்பாவுக்குள் மூக்கை விட்டு இழுத்தார். அடுத்து வந்த தும்மலில் கிளாஸ் கவிழ்ந்தது, மேசை விரிப்பு போயிற்று, பூனை இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் மிளகு வாசனை வந்தது. பீரில் வந்தது. பற்பசையில் வந்தது. காபர்னேயில் பிரமாதமாக வந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

"எல்லாமே ஷிராஸா இருக்கு ரோண்டா."

பக்கத்துத் தோட்டத்து லிண்ட்சே கேள்விப்பட்டு ஓடி வந்தான். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர்கள்.

"மூக்க நம்பாதடா, நாக்க நம்பு. காபர்னே உன் நாக்கப் புடிச்சு இழுக்கும். ஷிராஸ் தோள் மேல கை போடும். அவ்வளவுதான் வித்தியாசம்."

இருவரும் டிராக்டர் கொட்டகைக்குள் பாட்டில்களோடு போனார்கள். முதல் பாட்டிலில் எல்வினுக்கு லேசாகப் புரிகிற மாதிரி இருந்தது. அடுத்ததில் நன்றாகப் புரிந்தது. அதற்கடுத்ததில் எல்லா ஒயினும் தோள் மேல் கை போட்டது, லிண்ட்சேயும் போட்டான். சாயங்காலம் ரோண்டா வந்து பார்த்தபோது, பீட்ரூட் ஊறுகாய் ஜாடியிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "இதுதான்டி நம்ம கொல்லைச் சரக்கு" என்று எல்வின் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. லிண்ட்சே அப்படியே பப்புக்குப் போய், "இந்த வருஷம் எல்வின் கண்ண மூடிட்டுச் சொல்லுவான். அவன் நாக்கு அப்படி" என்று பறைசாற்றிவிட்டான். பப்பில் சொன்னது ஆலைக்குப் போயிற்று. ஆலையிலிருந்து சிட்னிக்குப் போயிற்று. அதுவரை போனிலேயே முடிவு சொல்வதாக இருந்த முதலாளியம்மா, இப்படிப்பட்ட ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்.

"வேலியில போன ஓணான எடுத்து வேட்டியில விட்டுட்டியேடா" என்று எல்வின் தலையில் அடித்துக்கொண்டார். அவர் போட்டிருந்தது அரைக்கால் சட்டை. ஆனாலும் குடைச்சல் குடைச்சல்தான்.

கடைசியில் அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தைத் தாண்ட வைத்த அதே பழைய யோசனை. அன்று பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினார்; இன்று ஹேமிஷைப் பார்த்துக் கை தூக்கிவிட வேண்டியது.

ஹேமிஷ் ஆலையின் ஒயின் தயாரிப்பாளர். கல்லூரியில் படித்தவர், வந்து இரண்டு அறுவடைதான் ஆகிறது. போன வருஷ விருந்துக்கு ஏதோ காரணம் சொல்லி வரவில்லை. இந்த வருஷம் முதலாளியம்மா வருவதால் வந்தே ஆக வேண்டும். எல்வினின் பழத்தை ஒயினாக்கியவரே அவர்தான். அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவர் கை மேலே போனால் தன் கையும் மேலே போக வேண்டும், அவ்வளவுதான்.

விருந்தன்று மத்தியானம் நாற்காலி போட உதவுவதாகச் சொல்லிக்கொண்டு எல்வின் ஹாலுக்குப் போனார். போனது நல்லதாயிற்று. அவருக்கும் ரோண்டாவுக்கும் சமையலறைக் கதவைப் பார்த்து இடம் போட்டிருந்தார்கள். ஹேமிஷின் இடம் அவர்கள் முதுகுக்குப் பின்னால். எல்வின் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தங்கள் பெயர் அட்டைகளை எடுத்து ஹேமிஷுக்கு நேர் எதிரே வைத்தார். அங்கே இருந்த அட்டைகளைச் சமையலறைப் பக்கம் கடத்தினார். பக்கத்து நாற்காலி யாருடையது என்று மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டார்.

அது முதலாளியம்மாவுடையது.

"நம்மள ஏன் மொத வரிசையில போட்டிருக்காங்க?" என்று விருந்து தொடங்கியதும் ரோண்டா காதைக் கடித்தாள்.

"மரியாதைதான்."

"மரியாதையா? நமக்கா?"

முதலாளியம்மா வெள்ளரிக்காய் ஊறுகாயைத் தட்டில் வைத்துக்கொண்டே இவர் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் நோஸ்கே, உங்களப் பத்தி நெறைய சொன்னாங்க. உங்க ஷிராஸ ஒரே வார்த்தையில சொல்லுங்களேன், எப்படி இருக்கும்?"

எல்வின் யோசித்தார். "கறுப்பா இருக்கும்."

முதலாளியம்மா பெரிய ஞானத்தைக் கேட்டதுபோல் தலையை ஆட்டினார். ரோண்டா தண்ணீரைக் குடித்துச் சமாளித்தாள்.

மருந்துக்கடை ட்ரெவர்தான் விளையாட்டை நடத்துகிறவர். மணியை ஆட்டினார். முதல் காலுறை மேசை மேசையாக வந்தது. ஹால் முழுக்க எழுந்து நின்றது.

எல்வின் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். மிளகு. சந்தேகமே இல்லை, மிளகுதான். பக்கத்தில் நின்ற முதலாளியம்மாவின் சென்ட்டும் மிளகாகத்தான் வந்தது. ஒரு வாய் குடித்தார். தோள் மேல் கை போட்டதா, நாக்கைப் பிடித்து இழுத்ததா? பயத்தில் நாக்கே காய்ந்துபோயிருந்தது.

"ஷிராஸா, காபர்னேயா? யோசிச்சுக்குங்க" என்றார் ட்ரெவர்.

எல்வின் மெதுவாகக் கண்ணை உயர்த்தி ஹேமிஷைப் பார்த்தார். ஹேமிஷ் கிளாஸைச் சுழற்றினார், ஆழமாக முகர்ந்தார், கண்ணை மூடினார். பிறகு கண்ணைத் திறந்து நேராக எல்வினைப் பார்த்தார்.

கண்டுபிடித்துவிட்டார்! இவன் என்னைப் பார்த்துக் காப்பியடிக்கிறான் என்று தெரிந்துபோயிற்று! எல்வின் சட்டென்று பார்வையை உத்தரத்துக்கு மாற்றினார். கொஞ்ச நேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தால், ஹேமிஷ் இன்னும் இவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலே இவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் கை தூக்கவில்லை.

"நேரம் முடியப்போகுது" என்றார் ட்ரெவர்.

எல்வினின் நெற்றியில் வியர்வை வழிந்தது. இந்தச் சமயம் பார்த்து ஒரு ஈ வந்து மூக்கின் மேல் உட்கார்ந்தது. கையை வீசி அதை விரட்டிவிட்டு மறுபடி பார்த்தார். அப்பாடா! ஹேமிஷின் கை கொடிக்கம்பம் மாதிரி மேலே நின்றது. எல்வினும் பாய்ந்து கையைத் தூக்கினார். பின்னாலேயே முதலாளியம்மாவின் கை, ரோண்டாவின் கை, பிறகு ஹால் முழுக்கக் கைகள். லிண்ட்சே மட்டும், "இது என் நாக்கப் புடிச்சு இழுக்குதே!" என்று சொல்லிவிட்டு அசையாமல் நின்றான்.

ட்ரெவர் காலுறையை உருவினார். உள்ளே மாதிரிக்காக லேபிள் ஒட்டிய பாட்டில். 'நோஸ்கே தோட்டம், ஷிராஸ்.'

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. லிண்ட்சே உட்கார்ந்துகொண்டே விசில் அடித்தான். முதலாளியம்மா எல்வினின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பெத்தவனுக்குப் புள்ளையத் தெரியாமப் போயிடுமா? லேபிள அச்சுக்குக் குடுத்துடறேன்." ரோண்டா எல்லார் எதிரிலும் அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். எல்வின் கொள்ளுத் தாத்தாவை நினைத்துக்கொண்டார்.

அடுத்த கேள்வி அவர் காதில்கூட விழவில்லை. வாயில் சாசேஜோடு சும்மா நின்றார். விடை தப்பென்று உட்காரச் சொன்னார்கள்; சந்தோஷமாக உட்கார்ந்தார். எதிரே ஹேமிஷும் உட்கார்ந்தார். பெரிய மனுஷன், தன்னைத் தனியாகத் தோற்கவிடாமல் கூடவே உட்கார்கிறாரே என்று எல்வின் நெகிழ்ந்துபோனார்.

கேக் மேசையருகே ஹேமிஷின் மனைவி பிலிப்பா எல்வினைப் பிடித்துக்கொண்டாள். அதிகம் பேசாத பெண். கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல மிஸ்டர் நோஸ்கே."

"எனக்கா? நான்தான் உங்க வீட்டுக்காரருக்குச் சொல்லணும்."

முதலாளியம்மா தூரத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு பிலிப்பா குரலைத் தாழ்த்தினாள். "ஒரு காய்ச்சல்ல அவருக்கு மோப்பமே போயிடுச்சு, ரெண்டு வருஷமாச்சு. வெளிய தெரிஞ்சா வேல போயிடும். அதனால நான்தான் சொல்லி அனுப்பினேன்: 'எல்வின் கை அசஞ்சா உடனே நீயும் தூக்கிடு, அவருக்குத் தெரியாதது இல்ல'ன்னு."