ரோடு என்று சொல்லியிருக்கலாம்

நாட்டை ஆளுகிற காரியத்தில் எனக்கும் பத்து நிமிஷம் பங்கு கிடைத்தது. அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இந்த வயதிலும் காது சுடுகிறது.

மகாராஜா காலம். திருவனந்தபுரத்தில் கூடும் சபைக்கு தமிழ் பேசும் எங்கள் தென் தாலுகாவிலிருந்து என்னை மெம்பராக அனுப்பினார்கள். (வேறு ஆள் அகப்படவில்லை என்பது பிறகு தெரிந்தது.) புறப்படும்போது வண்டிக்காரர் சுடலையாண்டி வழிமறித்தார்.

எங்கள் பக்கத்து ரோட்டில் புளியடி முக்கு என்று ஓர் இடம். இரண்டு பக்கமும் கடைகள் ரோட்டின் கழுத்தைப் பிடித்தாற்போல நெருக்கும். நெல்வண்டி, வைக்கோல்வண்டி, நடுவே கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பஸ். அந்த நெரிசலில் அரைநாள் மாட்டி, சுடலையாண்டி மனைவி ஆஸ்பத்திரி போய்ச் சேராமல் வண்டியிலேயே பிரசவித்தாள்.

"மறுபடியும் உண்டாயிருக்கா மெம்பரய்யா. இதாவது கட்டில்ல பொறக்கட்டும். ரோட்டை அகலமாக்க ரூவா ஒதுக்கணும்னு ஒத்த வார்த்தை சொல்லணும்."

"நடந்ததாகவே வச்சுக்கிடும்!" என்றேன். (குழந்தைக்கு முன்னால் சர்க்கார் பணம் வந்துவிடும் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.)

ஒத்த வார்த்தையோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். பத்திரிகை படித்துத் தமிழ் கற்றவன். 'ரோடு' என்பது எனக்கு இளப்பமாகப் பட்டது. எழுதி வைத்திருந்த பிரசங்கத்தில் ஏழு இடத்தில் ரோட்டை அடித்துவிட்டு, 'சாலை' என்று அழகாக எழுதினேன். புளியடி முக்கு என்ற பெயரைக் கடைசியில் முத்தாய்ப்பாக முழக்கலாம் என்று பொத்தி வைத்துக்கொண்டேன்.

சபையில் எழுந்தேன். "சாலையில் மூச்சுவிட இடமில்லை! சாலையின் இருபுறமும் உள்ள கடைகளை இடித்துத் தள்ளுங்கள்! அதற்குச் சர்க்கார் பணம் ஒதுக்கட்டும்!"

சலசலப்பு எழுந்தது. நான் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து மெம்பர், மலையாளி, என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "ஏது சால? நம்முடெ சாலயோ?"

"நம்முடைய சாலைதான்!" என்றேன் உற்சாகமாக.

மராமத்து இலாகா அதிகாரி எழுந்து நிதானமாகக் கேட்டார்: "மெம்பர் சொல்வது சாலையா, ரோடா?"

இங்கிலீஷ் வார்த்தை சொல்லாததற்குக் கிண்டல் செய்கிறார் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மேஜையைக் குத்தினேன். "சாலை! சாலை! சாலை!"

மணி அடித்துவிட்டார்கள். முத்தாய்ப்பு தொண்டையிலேயே நின்றது. "சாலைக் கடைவீதியை இடிக்கும் உத்தேசம் சர்க்காருக்கு இல்லை" என்று அதிகாரி பதில் சொல்லி உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருவனந்தபுரத்தில் சாலை என்றால் ஊரே அரிசியும் மிளகாயும் வாங்கும் அந்தக் கடைத்தெரு. வேறொன்றுமில்லை. ஒரு மெம்பருக்கு ஒரு முறைதான் பேச்சு. என் முறை தீர்ந்தது.

எனக்கு இது தெரியாதா? தெரியும். என் மாமனாரின் மொத்த வியாபாரக் கடையே சாலையில்தான். நான் தங்கியிருந்ததும் அவர் வீட்டில்தான்.

சாயங்காலம் போனபோது சேதி எனக்கு முன்பே வந்திருந்தது. வாசலில் ஏழெட்டு வியாபாரிகள். மாமனார் ஒரு முழக்கோலை என் கையில் கொடுத்தார்.

"வாரும் மருமகனே. என் கடையை எந்தப் பக்கமிருந்து இடிக்கப் போறீரு? சொன்னா மிளகா மூட்டையைக் கொஞ்சம் நகத்தி வைப்பேன்."

"மாமா, நான் சொன்னது ரோடு..."

"அப்ப அதையே சொல்லியிருக்கலாமே!"

வியாபாரிகள் சிரித்தார்கள். என்னோடு வந்திருந்த என் மனைவி உள்ளேயிருந்து சிரித்தது தனியாகக் கேட்டது. இன்றைக்கும் நான் "சாலைக்குப் போய்ட்டு வாரேன்" என்றால், "வாங்கவா, இடிக்கவா?" என்பாள். பேரப்பிள்ளைகள் வரை அது பழகிவிட்டது.

அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். சுடலையாண்டி முகத்தில் விழிக்கத்தான் முடியவில்லை. ஊர் திரும்பி, நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ரோடுன்னு சொல்லத் தெரியாதாய்யா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாட்டை அவிழ்த்தார்.

இரண்டாவது பிள்ளையும் புளியடி முக்கில், வைக்கோல் வண்டிக்குப் பின்னால்தான் பிறந்தான். பெயர் என்னவோ வைத்தார்கள். ஊர் கூப்பிடுவது 'மெம்பர்' என்றுதான். இப்போது அவனும் வண்டி ஓட்டுகிறான். அந்த முக்கில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் பின்னாலிருந்து யாராவது கத்துவார்கள்: "ஏலே மெம்பரே, வழி விடுலே!"

நான் நடந்து போகிறவன். இருந்தாலும் ஒதுங்கி நின்றுவிடுவேன்.